எடுத்துவிடச் சொன்ன வடிகட்டி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட்டு, "புதுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று முதலாளி கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் மேசைக்கு அடியில் ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும்போது படியுங்கள், போதும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. ஃபிலோமினா. ஒர்க்‌ஷாப்பில் பழையவர்கள் ஃபிலோ அக்கா என்பார்கள். மைசூர் ஹெப்பாளில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் பாதி ஆயுள் போனது, மீதி இந்த ஒர்க்‌ஷாப்பில். கார் எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திறந்து அதிலுள்ள எண்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு பொம்பளை இதைச் செய்கிறாளே என்று வாடிக்கையாளர்கள் முதலில் முழிப்பார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த முழியெல்லாம் காணாமல் போய்விடும்.

உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "அக்கா, பேசிக்ஸ் எதுல ஆரம்பிக்கணும்? முதல்ல எந்த மேப்பைத் தொடணும்?" தொடுவதற்குத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. சரி, பேசிக்ஸ் இதுதான். காரின் கம்ப்யூட்டர் காரைப் பார்த்ததே கிடையாது. காற்று எவ்வளவு வருகிறது, சூடு எவ்வளவு, டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்பும். நம்பிவிட்டு, தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, இந்த நேரத்தில் இவ்வளவு டீசல் என்று ஊற்றும். அந்த அட்டவணையைத்தான் நாம் மேப் என்கிறோம். அதை மாற்றுவது டியூனிங். ஒரு மத்தியானத்தில் இதைக் கற்றுக்கொண்டுவிடலாம். எதை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கும்.

சின்ன உதாரணம் ஒன்று. ஒரு பெட்ரோல் கார் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு வந்தது. என்னோடு வேலை செய்தவர் கெட்டிக்காரர். பெட்ரோல் அதிகம் போகிறது என்று பார்த்தவுடன் அட்டவணையில் குறைத்தார். புகை நின்றது. சில நாளில் திரும்ப வந்தது. திரும்பவும் குறைத்தார், திரும்பவும் வந்தது. அவரும் கம்ப்யூட்டரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் மெல்லிய விரிசல். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தது. சென்சார் அதை முகர்ந்து, காற்று அதிகம் என்று சொன்னது. கம்ப்யூட்டர் பாவம், அதற்குச் சரியாகப் பெட்ரோலைக் கூட்டியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பற்றவைப்புக்காரர் அந்தக் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார், அத்தோடு தீர்ந்தது.

இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது மாதேஷின் வண்டி விஷயம். அதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள்.

மாதேஷ் ஹனூர் பக்கத்துக்காரன். முப்பது வயதிருக்கும். சாமராஜநகரில் இருந்து மைசூருக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வருபவர்களை ஏற்றிவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவான். அதுதான் அவன் தொழில். வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, கடன் போட்டு வாங்கியது. ஒரு நாள் காலையில் நோயாளிகளை மருத்துவமனையில் விட்டுவிட்டு நேராக நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், இந்த ஃபில்டர எடுத்துடுங்க. எல்லாத்துக்கும் அதானுங்க காரணம்" என்றான் வந்ததும் வராததுமாக.

எந்த ஃபில்டர் என்று உங்களுக்குத் தெரியும். டீசல் புகையில் உள்ள கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வடிகட்டி, டி.பி.எஃப். கரி நிறையச் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, வடிகட்டியைக் கடுமையாகச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். ரீஜென் என்கிறோமே, அது. அதற்குக் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். எரிக்க முடியாமல் கரி சேர்ந்துகொண்டே போனால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தைப் பிடித்துவிடும். மிதித்தாலும் நகராது. டிரைவர்கள் அதை 'நொண்டி' என்பார்கள்.

மாதேஷின் வண்டி நொண்டியது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கடைசியாக நொண்டியபோது பின்சீட்டில் ஒரு டீச்சர் இருந்திருக்கிறார். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும், தலை நிற்காது. லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க, வண்டி ஊர்ந்துகொண்டே போக, டீச்சர் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே போயிருக்கிறார்.

"டீச்சர் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அவங்க மகளும் மத்தவங்க வீட்டுலயும் பேசிக்கிட்டாங்க. இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதும் நாயந்தானுங்களே" என்றான். சொல்லும்போது அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை. "ஃபிலோ மேடம், யோசனையே பேடா, வேணாம். ஒரு டிலீட் ஃபைல் போட்டு அனுப்பிடுங்க. ஊர்ல எல்லாரும் பண்றாங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வடிகட்டியைக் கழற்றி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அப்படி ஒன்று இருந்ததையே கம்ப்யூட்டர் மறந்துபோகும்படி ஃபைலை மாற்றி எழுதிவிடலாம். விளக்கு எரியாது, வண்டி நொண்டாது. புகை மட்டும் வெளியே போகும், அது ரோட்டில் நிற்பவர்கள் தலையெழுத்து. அது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனாலும் உங்களிடம் வருகிற டீசல்காரர்களில் நிறையப் பேர் இதைத்தான் கேட்பார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வழியில் நின்றுபோய் அவமானப்பட்டவர்கள்.

நான் கருவியைச் செருகிப் பார்த்தேன். சென்சார்கள் சரி. இன்ஜெக்டர்கள் சரி. டர்போ சரி. ஒன்றே ஒன்று இடித்தது. ரீஜென் பல தடவை ஆரம்பித்திருக்கிறது, சமீபத்தில் ஒரு தடவைகூட முடியவில்லை. இன்னும் ஒரு தடவை அறுபட்டால் அது தானாக ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது என்கிற நிலையில் வண்டி இருந்தது.

"நடுவுல எங்கயாவது வண்டிய நிறுத்துவியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். ஆஸ்பத்திரி விட்டா நேரா வீடு. பாலு சிந்தாத மாதிரி ஓட்டுவனுங்க."

"ஆயில் ஊத்தறியா ஒழுங்கா?"

அவன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "அதுல நம்ம வண்டிய அடிச்சுக்க முடியாதுங்க. ஆயில் குறையவே குறையாது. ஏறுதுங்க!"

எஞ்சின் ஆயில் எந்த வண்டியிலும் தானாக ஏறாது. குச்சியை இழுத்துப் பார்த்தேன், மேல் கோட்டையும் தாண்டி நின்றது. முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை. ஒவ்வொரு ரீஜெனும் பாதியில் நிற்கும்போது, எரிக்கக் கொடுத்த டீசல் எரியாமல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலில் பிசுபிசுப்பே இல்லை. இப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தால் டர்போ போயிருக்கும், பிறகு எஞ்சினும் போயிருக்கும். வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டு விளக்கை அணைத்து அனுப்பியிருந்தால், இதை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். மாதேஷ் பெருமைப்பட்டுக்கொண்டே போயிருப்பான்.

முதல் வேலையாக ஆயிலை மாற்றச் சொன்னேன். மாற்றி முடிக்கும் நேரத்தில் மருத்துவமனையில் இருந்து ஃபோன் வந்துவிட்டது, டீச்சருக்கு டயாலிசிஸ் முடியப்போகிறது என்று. வண்டியை இங்கேயே நிறுத்திவைத்து வடிகட்டியைச் சுத்தம் செய்ய நேரமில்லை. செய்திருந்தாலும் கொஞ்ச நாளில் இதே கதைதான், ரீஜென் ஏன் முடிவதில்லை என்று தெரியவில்லையே. முதலாளி என்னைப் பார்த்தார். டிலீட் ஃபைல் என் லேப்டாப்பில் தயாராகத்தான் இருந்தது. மாதேஷ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நானும் உன்கூட வர்றேன். சாமராஜநகர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்துக்கறேன்" என்றேன். முதலாளிக்குச் சிரிப்பு. மாதேஷுக்குப் பயம்.

ஏன் போனேன் என்றால், அவன் பொய் சொல்கிறவன் இல்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மனிதர்கள் தினமும் செய்வதை வாயால் சொல்ல மாட்டார்கள். மறைப்பதற்காக அல்ல, அது ஒரு விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

மருத்துவமனை வாசலில் நோயாளிகள் வருவதற்கு முன்பே எஞ்சினைப் போட்டு, ஏ.சி.யை ஓடவிட்டுக் காத்திருந்தான். அவர்கள் ஏறும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டுமாம். அன்றைக்கு இரண்டே பேர். ஒருவர் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், ஏறியதும் தூங்கிவிட்டார். இன்னொருவர் அந்த டீச்சர். ஓய்வு பெற்றவர், மெலிந்த உடம்பு, கையில் கட்டு. மாதேஷ் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டான். நான் முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு வேகத்தடையையும் தூங்குகிறவர்களைத் தாண்டிப் போவதுபோல் தாண்டினான். டாப் கியருக்குச் சீக்கிரமே போய்விட்டு, எஞ்சின் முனகுகிற வேகத்தில் மெதுவாக, மெதுவாக. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. என் ஸ்கிரீனில் வடிகட்டியின் சூடு ஏறவே இல்லை. இப்படி ஓட்டினால் கரி சேராமல் என்ன செய்யும்? அவன் இரக்கத்தில் ஓட்டினான், வண்டிக்குள் அது கரியாகச் சேர்ந்தது.

நஞ்சன்கூடு தாண்டியதும் சாலை கொஞ்சம் காலியானது. "மாதேஷ், ஒரு கியர் குறைச்சு, வேகத்த மாத்தாம அப்படியே போ" என்றேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடியது. அவன் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தான். சூடு மெல்ல ஏறி, ரீஜென் ஆரம்பித்தது. எஞ்சினின் மின்விசிறி உரக்கச் சுழன்றது. லேசாகச் சுட்ட வாடை உள்ளே வந்தது.

"ஏம்பா மாதேஷ், ஸ்வல்ப நிறுத்தேன். வயித்தப் புரட்டுது" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

நான் எதுவும் சொல்வதற்குள் மாதேஷ் இடது பக்கம் ஒடித்தான். சாலையோரம் ஒரு புளியமரம், நல்ல நிழல், அடியில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். எந்த யோசனையும் இல்லாமல் அங்கே போனான். கை தன்னால் சாவிக்குப் போனது. இது அவனுக்குப் பழக்கமான இடம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முறையும் சத்தமும் வாடையும் வரும்போது, நோயாளிக்கு வயிற்றைப் புரட்டும், அவன் எஞ்சின் கொதிக்கிறது என்று நினைத்து நிழலில் நிறுத்தி அணைத்துவிடுவான். அதை அவன் 'நிறுத்தியதாக' எண்ணியதே இல்லை.

"புல்லு மேல வேணாம்! மேல எடு, ரோட்டுக்கு எடு!" என்று கத்தினேன். வண்டிக்கு அடியில் அப்போது இருந்த சூட்டில் அந்தப் புல் பற்றிக்கொண்டால், பின்சீட்டில் எழுந்து ஓட முடியாத இரண்டு பேர். நல்லவேளை, கொஞ்சம் முன்னால் ஒரு கல்யாண சௌல்ட்ரி, நம் ஊர் மண்டபம் மாதிரி. வாசல் முழுக்க சிமெண்ட் தரை. அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்தியதும் கை திரும்பவும் சாவிக்குப் போனது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஆஃப் பண்ணாத."

அன்றைக்கு முதல் தடவையாக அவன் என்னை முறைத்தான். "டீச்சருக்கு முடியலீங்க மேடம். வண்டி பெருசா?"

தம்பிகளே, தங்கைகளே, கணக்கைப் பாருங்கள். அணைத்தால் திரும்ப வண்டி நொண்டும். வண்டி நொண்டினால் இவர் இதே உடம்போடு இருட்டும் வரைக்கும் ரோட்டில் கிடப்பார், அடுத்த வாரத்தில் இருந்து இவனுக்குப் பிழைப்பும் இருக்காது. அணைக்காமல் கிளப்பிக்கொண்டு போனாலோ, இப்போது இந்த நிமிடம் இந்த அம்மாவைக் குலுக்கியெடுக்க வேண்டும். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தோன்றும். நான் லேப்டாப்பை மூடினேன்.

"வண்டி பெருசில்ல. டீச்சர இறக்கு. அவங்க உக்காரட்டும், எஞ்சின் ஓடிக்கிட்டே வண்டி நிக்கட்டும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யார் சொன்னது?"

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினான். டீச்சரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், வாடை வராத பக்கமாக சௌல்ட்ரி படிக்கட்டில் உட்கார வைத்தோம். மண்டிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "ஏனாய்த்து?", என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கப் போனார். அவரையும் எழுப்பி இறக்கி உட்கார வைத்தோம். டீச்சருக்கு நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தண்ணீரே டாக்டர் அளந்து சொன்னதுதான் என்று மாதேஷ் மெதுவாகச் சொன்னான். வெட்கமாகிவிட்டது எனக்கு.

வண்டி பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. கொஞ்சம் தெளிந்ததும் டீச்சர் அதைப் பார்த்துக் கேட்டார்: "அதுக்கு என்னம்மா கேடு? ஆள் இல்லாம எதுக்குக் கத்துது?"

நான் சொன்னேன். வடிகட்டியில் கரி சேரும், அதை அது தானே சுத்தம் பண்ணிக்கொள்ளும், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், பாதியில் நிறுத்தினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும், தங்கத் தங்க உடம்பு கெடும். வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. 'உடம்பு' என்று வாயில் வந்துவிட்டது. டீச்சர் தன் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். குமட்டி ஓய்ந்த முகத்தில் அந்தச் சிரிப்பு அழகாக இருந்தது.

"அட, இதுவும் நம்ம வார்டுதானா?" என்றார். "அதான் இந்த மாதேஷ் என்னை விட அதைத் தடவித் தடவி ஓட்டுறானா?"

மாதேஷ் சிரிக்கவில்லை. "அதையா மேடம் நான் எடுத்துடச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டான்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் தானாகவே எழுந்தார். "போலாம்பா. எனக்காக அது காத்திருக்கு, அதுக்காக நான் காத்திருந்தேன், சரியாப் போச்சு" என்றார். நான் இன்னும் கொஞ்சம் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. கிளம்பினோம். இந்த முறை மாதேஷ் கியரைக் குறைத்து, நான் சொல்லாமலே வேகத்தை ஒரே சீராகப் பிடித்துப் போனான். டீச்சர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், ஸ்கிரீனில் கரி குறையத் தொடங்கியிருந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் முதலாளி, "ஃபைல்ல என்ன மாத்துனீங்க மேடம்?" என்று கேட்டார். ஒன்றுமே மாற்றவில்லை என்றேன். "அப்ப போர்டுல டியூனிங்னு எதுக்கு எழுதி வெச்சிருக்கோம்?" என்று சலித்துக்கொண்டார். கம்பெனி எழுதி வைத்த எண்கள் எல்லாமே அந்த வண்டிக்குச் சரியாகத்தான் இருந்தன. மாதேஷுக்குச் சொல்லவேண்டியதை மட்டும் சொன்னேன்: சத்தமும் வாடையும் வந்தால் அது கொதிப்பு இல்லை, வேலை. ஆள் ஏறுவதற்கு முன்னால் வெகுநேரம் ஓடவிட்டுக் காத்திருக்காதே. ஆட்களை இறக்கிய பிறகு வாரத்தில் ஒரு நாள் காலி வண்டியை நல்ல ரோட்டில் கொஞ்ச தூரம் சீராக ஓட்டிவிட்டு வா. நடுவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் நிறுத்து, யார் வேண்டாம் என்றது, ஆனால் புல்லில் நிறுத்தாதே, சாவியைத் தொடாதே. இதன் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் யாராவது வந்து ஒன்றை 'எடுத்துடுங்க' என்று கேட்டால் அவரைத் திட்டாதீர்கள், சட்டம் பேசி விரட்டாதீர்கள், கேட்டதை உடனே செய்தும் கொடுத்துவிடாதீர்கள். அவர் யாரை ஏற்றிக்கொண்டு எப்படிப் போகிறார் என்று ஒரு தடவை கூடவே உட்கார்ந்து பாருங்கள். அரைநாள் போகும், முதலாளி முணுமுணுப்பார், அதை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

மண்டிக்காரரை முதலில் இறக்கிவிட்டு, டீச்சர் வீட்டுக்குப் போனபோது ரீஜென் முடியவில்லை, கொஞ்சம்தான் மிச்சம். டீச்சர் வீட்டில் ஒரு பழக்கம் உண்டாம். அவரைக் கொண்டுவந்து விட்டதும் மாதேஷுக்கு அவர் மகள் காபி கொண்டுவந்து தருவார். டீச்சரால் அப்படி ஒரு டம்ளர் குடிக்க முடியாது. அவன் குடிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் படுக்கப் போவாராம். அன்றைக்கும் மகள் டம்ளரோடு வாசலில் நின்றார். மாதேஷ் டீச்சரை இறக்கிக் கைப்பிடித்து வாசற்படி வரைக்கும் கொண்டுவிட்டான். காபியைப் பார்த்தான், ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தான். டீச்சருடைய முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"போ, போ. அது முடியட்டும். காபி எங்க ஓடிடப் போகுது?" என்றார் டீச்சர்.

நாங்கள் ஊருக்கு வெளியே கொள்ளேகால் பக்கம் போகும் சாலையில் போய்க்கொண்டே இருந்தோம். வெயில் இறங்கிவிட்டது. ஒரு இடத்தில் மின்விசிறி தணிந்தது, எஞ்சின் சத்தம் சாதாரணமானது. ஸ்கிரீனில் பார்த்தேன், முடிந்திருந்தது. "அவ்வளவுதாம்ப்பா" என்றேன். ஒரு டீக்கடையின் முன்னால் தார்த்தரையில் ஓரமாக நிறுத்தினான். கை சாவி வரைக்கும் போய் நின்றது.

"இப்ப ஆஃப் பண்ணலாமுங்களா?"

"பண்ணு."

அணைத்தான். அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். "நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க மேடம் ஒவ்வொரு தடவையும் அணைச்சேன்" என்றான். "டீச்சருக்கு மெஷின் ஓடறப்ப எவனாச்சும் வந்து பாதியில புடுங்கியிருந்தா, நான் அவன சும்மா விட்டிருப்பனா?" தோள் குலுங்கியது. நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

அவன் ஃபோன் அடித்தது. டீச்சர். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதுங்க டீச்சர்."

"முழுசா?"

"முழுசாங்க."

பிறகு, கேட்கத் தயங்கிக் கேட்பவர்போல், "அப்ப வியாழக்கிழமை நீதானே வருவே?" என்றார்.

"நானேதானுங்க டீச்சர்" என்றான் மாதேஷ்.